அரிசிப் பானைக்குள் இருந்த கடிதம்

கேள்வி: பாம்பன் பக்கம் ஒரு மீனவக் கிராமம். எனக்கு வயது 38. கடலில் பாசி எடுக்கிறேன், கணவர் நாட்டுப்படகில் போகிறார். மிதவை போட்டுப் பாசி வளர்க்கலாம் என்று ஐந்து பெண்கள் சேர்ந்து குழுக்கடன் கேட்டோம். என் பேரில் ஏற்கெனவே இரண்டு கடன் தவணை தவறியிருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒன்று பைக் கடன், இன்னொன்று போன் ஆப்பில் எடுத்தது. வட்டியோடு 1,34,000 ரூபாய். நான் ஒரு பைசா வாங்கவில்லை. எல்லாம் என் தம்பி (26) செய்த வேலை. என் ஆதாரும் பான் கார்டும் அம்மா வீட்டு டிரங்குப் பெட்டியில்தான் இருந்தன. ஆதாரில் பதிந்திருப்பதும் தம்பியின் போன் நம்பர். கேட்டால், மீன்பிடித் தடைக்காலத்தில் கையில் காசில்லை அக்கா, கட்டிவிடுகிறேன் என்று அழுகிறான். போன மாதம் அம்மா வீட்டில் அரிசி அளக்கும்போது பானைக்குள் என் பேருக்கு வந்த நோட்டீஸ் ஒன்று கிடந்தது. போலீசுக்குப் போனால் தம்பிக்குப் பொண்ணு கிடைக்காது என்கிறார் அம்மா. நானே கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிவிடவா? தம்பியை எப்படி மன்னிப்பது?

பதில்: தம்பியைப் பற்றி அப்புறம் பேசலாம். அந்த அரிசிப் பானைக்கு வருவோம்.

அதை ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அங்கிருந்து நகர முடியவில்லை. வேண்டாத காகிதம் அடுப்புக்குப் போகும், புரியாத காகிதத்தைப் படித்தவர் யாரிடமாவது காட்டச் சொல்வார்கள். பானைக்குள் அரிசியைத் தள்ளி, காகிதத்தை வைத்து, மேலே மறுபடி அரிசியை மூடுகிறவருக்கு அது என்ன காகிதம், யார் கண்ணில் படக்கூடாது என்பது நன்றாகத் தெரியும். உங்கள் பேரைத் திருடியது ஒருவர், அது வெளியே தெரியாமல் காவல் இருந்தது இன்னொருவர். நீங்களோ தம்பியை மன்னிக்க வழி கேட்கிறீர்கள். அம்மாவிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை.

இதே கதை தொண்டியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் எனக்கு வந்திருக்கிறது. ஒரு வீட்டில் மகன், இன்னொரு வீட்டில் கொழுந்தன். எல்லாக் கடிதத்திலும் விஷயம் தெரிந்தும் வாய் திறக்காத பெரியவர் ஒருவர் இருப்பார். தாய்க்குப் பிள்ளைகளில் ஒன்றின் மேல் பாசம் கூடுதலாக இருக்கலாம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பிள்ளையின் பிழைப்பை எடுத்து இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கும் உரிமை எந்தத் தாய்க்கும் கிடையாது.

பொண்ணு கிடைக்காது என்கிறாரே, அதைக் கொஞ்சம் யோசியுங்கள். நாளை ஒரு பெண் அந்த வீட்டுக்கு வாழ வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய ஆதாரும் அதே டிரங்குப் பெட்டிக்குள்தானே போகும்? முன்பின் தெரியாத ஒரு பெண்ணைத் தெரிந்தே அதில் கொண்டுபோய்த் தள்ள உங்களுக்கு மனம் வருமா?

தடைக்காலம் என்ற சாக்கும் என்னிடம் எடுபடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும், நிவாரணமாகக் கிடைக்கும் 8,000 ரூபாயில் இரண்டு மாதம் ஓட்டுவது கஷ்டம் என்பது எனக்கும் தெரியும். அந்தக் கஷ்டம் இந்தக் கடற்கரையில் எல்லா வீட்டுக்கும்தான் வருகிறது. காசில்லாதவன் அரிசிக்குக் கடன் வாங்குவான். உங்கள் தம்பி பைக் வாங்கியிருக்கிறான்.

அந்தப் பைக்கின் ஆர்.சி., அதாவது பதிவுச் சான்று, யார் பேரில் இருக்கிறது என்று பார்த்தீர்களா? கடன் உங்கள் பேரில் என்றால் பெரும்பாலும் வண்டியும் உங்கள் பேரில்தான் இருக்கும். அவன் யாரையாவது இடித்துவிட்டால் வண்டிக்குச் சொந்தக்காரர் என்று நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும்.

நானே கட்டிவிடவா என்கிறீர்கள். கூடவே கூடாது. ஒரு தவணை கட்டினால்கூட, இந்தக் கடன் நான் வாங்கவில்லை என்று நாளை நீங்கள் சொல்வது எடுபடாமல் போகும். சேற்றிலும் பாறையிலும் கால் கிழியப் பாசி எடுத்துச் சேர்த்த காசு அது.

முதலில் ஆதார் மையத்துக்கு நேரில் போய் உங்கள் சொந்த நம்பரைப் பதியுங்கள். ஆதாரில் தம்பியின் நம்பர் இருக்கும் வரை ஓ.டி.பி. அவனுக்குத்தான் போகும், நீங்கள் இங்கே அழுதுகொண்டிருக்கும்போதே அவன் மூன்றாவது கடன் எடுக்கலாம். நம்பர் மாறியதும் கைரேகைப் பதிவைப் பூட்டி வையுங்கள், ஆதார் உதவி எண்ணான 1947-க்கு அழைத்தால் வழி சொல்வார்கள்.

அப்புறம் சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு அழையுங்கள், இல்லையென்றால் ராமநாதபுரம் சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரில் போங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்குப் போலீஸ் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். அடுத்தவரின் அடையாளத்தை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. உடன்பிறந்தவன் செய்தால் குற்றமில்லை என்று அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை.

அந்த ரசீதின் நகலோடு இரண்டு கடன் நிறுவனங்களுக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். விண்ணப்பத்தின் நகலைக் கேளுங்கள். அதில் யார் போட்டோ, யார் கையெழுத்து, எந்த போன் நம்பர், பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்பதெல்லாம் இருக்கும். நீங்கள் வாங்கவில்லை என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவில்லை. சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களிலும் ஆட்சேபம் பதியுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை அவர்கள் இலவசமாகத் தர வேண்டும். அதை வாங்கிப் பார்த்தால் உங்களுக்குத் தெரியாத மூன்றாவது, நான்காவது கடன் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

தம்பி உண்மையிலேயே வருந்துகிறான் என்றால் உங்களோடு காவல் நிலையத்துக்கு வரட்டும். நான்தான் செய்தேன் என்று தன் கையால் எழுதிக் கொடுக்கட்டும், பைக்கை விற்றுக் கடனில் கட்டட்டும். மன்னிப்பைப் பற்றி அதற்கப்புறம் பேசுங்கள். வரமாட்டேன் என்றால் நீங்கள் தனியாகப் போங்கள். தம்பிக்கு அக்கா செய்ய வேண்டிய கடமை என்று ஒன்று உண்டு. 26 வயதில் அவனைத் தடுத்து நிறுத்துவதுதான் அது.

உங்களோடு சேர்ந்து கையெழுத்துப் போட்ட நான்கு பெண்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் என்ன சொன்னீர்கள்? உங்கள் ஒருவர் பேரால் அவர்களுடைய கடனும் நின்றிருக்கிறது. இன்றைக்கே போய் நடந்ததைச் சொல்லுங்கள் தங்கச்சி. கடலில் கழுத்தளவு தண்ணீரில் பக்கத்தில் நிற்கிறவர்கள் அவர்கள்தான்.

நாளை காலை அம்மா வீட்டுக்குப் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஆதார், பான், பாஸ்புக் என்று உங்கள் பேர் போட்ட எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். அம்மா தடுத்தால், இந்த நோட்டீஸ் எப்போது வந்தது என்று மட்டும் கேளுங்கள், பதில் வரும்வரை அங்கேயே நில்லுங்கள். கிளம்பும் முன் அந்தப் பானையை அடிவரை ஒரு முறை கிளறிப் பாருங்கள். இரண்டு கடனுக்கு ஒரு நோட்டீஸ் மட்டும் வந்திருக்காது.