புது உகுலேலே சுருதியில் நிற்கவில்லை என்றால்

வாத்தியம் பழுதாகவில்லை, திருப்பிக் கொடுக்காதீர்கள். ஹோனலுலுவில் வாங்கிய உகுலேலே (கிட்டார் போன்ற சிறிய நான்கு தந்தி வாத்தியம்), காலையில் சுருதி சேர்த்தாலும் கப்பலில் நடக்கும் வகுப்பு முடிவதற்குள் இறங்கிவிடுகிறது என்கிறீர்கள். புது நைலான் தந்தி அப்படித்தான். இழுபட்டு அடங்கச் சில நாட்களாகும்.

அதை நீங்களே விரைவுபடுத்தலாம்:

1. நான்கு தந்திகளையும் வரிசையாக ஜி, சி, ஈ, ஏ என்ற சுரங்களுக்குச் சேருங்கள்.
2. ஒவ்வொன்றையும் 12ஆவது மெட்டருகே (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி) பிடித்து, ஒரு விரற்கடை உயரம் மெல்லத் தூக்கி விடுங்கள்.
3. இறங்கிய சுருதியை மறுபடி ஏற்றுங்கள். ஐந்தாறு முறை செய்தால் வேறுபாடு காதிலேயே தெரியும்.

சுருதி கூடிவிட்டால் தளர்த்திய இடத்திலேயே நிறுத்தாதீர்கள். நன்றாக இறக்கி, கீழிருந்து மேலே ஏற்றி நிறுத்துங்கள். அப்போதுதான் தந்தியை முறுக்கும் பிருடையில் தொய்வு தங்காது.

ஒரே ஒரு தந்தி மட்டும் இறங்குகிறதா? அப்படியானால் அதன் பிருடை வழுக்கக்கூடும். பிருடையின் முனையில் உள்ள சிறு திருகாணியைக் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள்.

இன்னொன்று: ஜி தந்தி, சியைவிட உயர்ந்து ஒலிப்பது சரியே. வாத்தியத்தைப் பிடிக்கும்போது மேலே இருக்கிறதே என்று அதைத் தாழ்த்திச் சேர்ப்பவர்கள் நிறையப் பேர்.

கப்பலின் இரைச்சலில் கைபேசிச் செயலி தடுமாறும். தலைப்பகுதியில் கவ்விக்கொள்ளும் டியூனர் மரத்தின் அதிர்வையே எடுப்பதால் நம்பலாம்.

ஆனால் வெயிலடிக்கும் மேல்தளத்தில் வாத்தியத்தை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். குளிரூட்டிய அறையிலிருந்து வெயிலுக்கு வந்தாலே சுருதி மாறும். சூடு அதிகமானால் பசை இளகித் தந்திப் பாலமே பெயர்ந்துவிடலாம்.