மலிவு விலை .22 பிஸ்டல்: சிக்குவது துப்பாக்கியா, தோட்டாவா?

கேள்வி: வணக்கம் சார். கிரீன் கார்டு வந்த பிறகு .22 பிஸ்டல் ஒன்று வாங்கினேன். விலை 250 டாலருக்குள்தான். ரேஞ்சில் காகிதக் குறியைச் சுட்டுப் பழகத்தான், வேறு நோக்கம் இல்லை. முதல் நாளே பல தடவை சிக்கிக்கொண்டது. கடைக்காரரைக் கேட்டால், ".22 என்றால் அப்படித்தான், சுடச் சுடச் சரியாகிவிடும்" என்கிறார். பக்கத்து லேனில் சுட்டுக்கொண்டிருந்தவரோ, "மலிவுச் சரக்கு, தலையைச் சுற்றித் தூக்கிப் போடுங்கள்" என்றார். இது தேறுமா தேறாதா என்று நானே சோதிக்க வழி உண்டா? (பிளேனோ, டெக்சஸ்)

பதில்: வழி உண்டு, பெரிய செலவும் இல்லை. ஆனால் கடிதத்தில் முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டீர்கள். "சிக்கியது" என்று எழுதியிருக்கிறீர்கள், எப்படிச் சிக்கியது என்று எழுதவில்லை. விசையை இழுத்தும் வெடிக்கவில்லையா, வெடித்தபின் காலிக் கூடு வெளியே வரவில்லையா, அடுத்த தோட்டா உள்ளே ஏறவில்லையா? மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் கடைக்காரர் ஒன்றும் பக்கத்து லேன்காரர் ஒன்றும் சொல்கிறார்கள்.

முதலில் தோட்டாவைப் பற்றிக் கொஞ்சம். 9 எம்எம் போன்ற தோட்டாக்களில் அடிப்பாகத்தின் நடுவே பிரைமர் என்று தனியாக ஒரு சிறு கிண்ணம் இருக்கும். 1887-இல் வந்த .22 எல்ஆரில் (லாங் ரைஃபிள், .22 பிஸ்டல்களில் வழக்கமாகப் போடும் தோட்டா) அது கிடையாது. பற்றவைக்கும் கலவையை ஈரமாகக் கூட்டுக்குள் இட்டுச் சுழற்றி, அடிவிளிம்பின் மடிப்புக்குள் பரவ வைக்கிறார்கள். சில தோட்டாக்களில் விளிம்பின் ஒரு பக்கத்துக்குக் கலவை சரியாகப் போய்ச் சேர்ந்திருக்காது. விசையை இழுத்ததும் தோட்டாவை அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின் அந்த இடத்தில் அடித்தால் வெடிக்காது. நூற்றுக்கணக்கில் ஒரே பெட்டியில் கொட்டி விற்கும் மலிவுத் தோட்டாக்களில் இது அதிகம். எனவே எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய .22 ஆனாலும் எப்போதாவது ஒரு தோட்டா வெடிக்காமல் போகத்தான் செய்யும். கடைக்காரர் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. "சுடச் சுடச் சரியாகிவிடும்" என்பது மட்டும், உங்களைக் கடையை விட்டு அனுப்பச் சொல்கிற வார்த்தை.

ரேஞ்சுக்குப் போகுமுன் துப்பாக்கியைக் கழற்றித் துடைத்து, கையேட்டில் சொன்ன இடங்களில் ஒரு துளி எண்ணெய் விடுங்கள். தொழிற்சாலையில் துரு பிடிக்காமல் இருக்கப் பூசியதோடு அப்படியே கொண்டுபோய்ச் சுட்டுவிட்டுப் புகார் சொல்கிறவர்கள் ஏராளம். மேகசின்களில் (தோட்டாக்களை அடுக்கிப் பிஸ்டலில் செருகும் பெட்டி) மார்க்கரால் 1, 2 என்று எண் போடுங்கள். இரண்டு மூன்று வகைத் தோட்டா வாங்கிக்கொள்ளுங்கள். அதில் ஒன்று நல்ல ரகமாக, வேகம் கூடியதாக இருக்க வேண்டும். சிசிஐ மினி மேக் பலரும் அளவுகோலாக வைத்துக்கொள்வது: குண்டின் எடை 40 கிரெயின், வேகம் நொடிக்கு 1235 அடி. அதே நிறுவனத்தின் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி 1070 அடிதான். அது துல்லியமான தோட்டா, ஆனால் புதுத் துப்பாக்கியின் இறுகிய ஸ்பிரிங்கை மீறி ஸ்லைடை (சுடும்போது பின்னால் போய்த் திரும்பும் மேல்பாகம்) முழுக்கப் பின்னால் தள்ள அந்த வேகம் சில சமயம் போதாது. அப்போது காலிக் கூடு வெளியே விழாமல் ஸ்லைடின் வாயில் அகப்பட்டு, புகைபோக்கி மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும். துப்பாக்கியில் பழுது ஒன்றும் இருக்காது.

மேகசினை நிரப்புவதிலும் ஒரு சங்கதி உண்டு. .22 தோட்டாவின் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேலே உள்ள தோட்டாவின் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் போய்விட்டால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், மேல் தோட்டா முன்னேறாது. பக்கவாட்டுப் பொத்தானை ஒரேயடியாகக் கீழே இழுத்துவிட்டு மளமளவென்று தோட்டாக்களைப் போடுகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் பொத்தானைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி நிரப்புங்கள். உங்கள் சிக்கல் இதோடு தீர்ந்துபோனாலும் ஆச்சரியமில்லை.

அப்புறம் சுடும்போது ஒரு சின்ன நோட்டு. எந்த மேகசின், எந்தத் தோட்டா, சுத்தம் செய்தபின் ஏறக்குறைய எத்தனையாவது சுடுதல், என்ன ஆயிற்று. இவ்வளவு எழுதினால் போதும், கணக்கு தானே பேசும். சிக்கல் எல்லாம் 2-ஆம் எண் மேகசினில் மட்டும் என்றால் மேகசினை மாற்றுங்கள். ஒரு வகைத் தோட்டாவில் மட்டும் என்றால் அதை வாங்காதீர்கள். நீங்கள் சுட்டால் சிக்குகிறது, நன்றாகப் பழகிய இன்னொருவர் சுட்டால் சிக்கவில்லை என்றால் உங்கள் மணிக்கட்டு தளர்கிறது, அதனால் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போவதில்லை. எல்லாத் தோட்டாவிலும், எல்லா மேகசினிலும், யார் சுட்டாலும் சிக்குகிறதா? அப்போதுதான் துப்பாக்கியைக் குற்றம் சொல்லலாம்.

வெடிக்காத தோட்டாவை வெளியே எடுத்ததும் அதன் விளிம்பைப் பாருங்கள். (எடுக்குமுன் குழல் வாயைக் குறிப்பலகைப் பக்கமே வைத்து முப்பது நொடி காத்திருங்கள், சில தோட்டா தாமதித்து வெடிக்கும்.) விளிம்பில் ஃபயரிங் பின் அடித்த தடம் இருக்கும். மற்றக் காலிக் கூடுகளில் உள்ளது போலவே ஆழமான பள்ளம் என்றால் துப்பாக்கி தன் வேலையைச் செய்திருக்கிறது, தோட்டாதான் சொத்தை. பூனை நகம் பட்டது போல் மேலோட்டமாக இருந்தால் ஃபயரிங் பின் சரியாக அடிக்கவில்லை, அல்லது அழுக்கினால் தோட்டா முழுதாக உள்ளே உட்காரவில்லை. ஆழமாக அடிபட்டும் வெடிக்காததை அரைவட்டம் திருப்பி மறுபடி போட்டால் பெரும்பாலும் வெடித்துவிடும், ஏனென்றால் அந்தப் பக்கம் கலவை இருக்கிறது. வெளியே விழுந்த கூடுகளையும் இரண்டு மூன்று பொறுக்கிப் பாருங்கள். விளிம்பு பிய்ந்திருந்தால் கூட்டைக் கொக்கி போட்டு இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரிலோ, கூடு உட்காரும் அறையிலோ பழுது. கூடு ஒரு பக்கம் வீங்கியிருந்தால் அதற்குமேல் சுடவே வேண்டாம்.

இதில் விளையாடக் கூடாத இடம் ஒன்று உண்டு. வழக்கமான சத்தத்துக்குப் பதில் 'புஸ்' என்று மட்டும் கேட்டு, கையில் உதையே தெரியாவிட்டால், உடனே நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் வீங்கும், வெடிக்கவும் கூடும். தோட்டாக்களை எடுத்துவிட்டு ரேஞ்ச் அதிகாரியைக் கூப்பிடுங்கள்.

எத்தனை சுட்டால் நம்பலாம்? ஒரு பெட்டி, 50 தோட்டா, சிக்கலின்றிப் போய்விட்டால் "அருமை" என்று பலர் எழுதிவிடுகிறார்கள். புள்ளியியலில் ஒரு எளிய விதி இருக்கிறது. ஒரு தவறும் இல்லாமல் போன சோதனைகளின் எண்ணிக்கையால் 3-ஐ வகுத்தால், உண்மையான தவறு விகிதம் அதைத் தாண்டாது என்று 95 விழுக்காடு உறுதியாகச் சொல்லலாம். 50-க்கு அது நூற்றுக்கு ஆறு. 300 தோட்டா ஒழுங்காகப் போனாலும் நூற்றுக்கு ஒன்றுக்குக் கீழே என்றுதான் சொல்ல முடியும். ஒரு தோட்டா 10 சென்ட் என்று வைத்தாலும் 300-க்கு 30 டாலர் ஆகிறது. அதைச் செலவழிக்கலாம். நடுவில் சுத்தம் செய்யாமல் சுட்டுக்கொண்டே போங்கள். .22 குண்டின் மேல் மெழுகு பூசியிருப்பார்கள், அதுவும் ஈயமும் கரியும் சேர்ந்து உள்ளே படியும். ஒரு கட்டத்தில் சிக்க ஆரம்பித்தால், உங்கள் துப்பாக்கிக்கு எத்தனை சுடுதலுக்கு ஒருமுறை சுத்தம் தேவை என்பது தெரிந்துவிடும். அது பழுதில்லை, பராமரிப்புக் கணக்கு.

வீட்டில் தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பழகுவதற்கு முன் கையேட்டைப் பாருங்கள். பல .22-களில் ஃபயரிங் பின் நேரே அறையின் ஓரத்தில் மோதி, இரண்டுமே கெடும். இங்கே பழகியவர்கள், சுவரில் திருகு பொருத்த விற்கும் மஞ்சள் பிளாஸ்டிக் ஆங்கரைத் தோட்டாவுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்கிறார்கள். ஹார்டுவேர் கடையில் சில்லறைக் காசு.

இவ்வளவுக்கும் பிறகு குற்றம் துப்பாக்கியில்தான் என்று தெரிந்தால், கடையில் நின்று வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள். துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் மத்திய அரசின் 4473 படிவத்தில் கையெழுத்துப் போட்டு வெளியே வந்ததுமே அது பழைய துப்பாக்கி ஆகிவிடுகிறது, பெரும்பாலான கடைகள் திரும்ப எடுக்காது. நேரே தயாரிப்பாளருக்கு எழுதுங்கள், நோட்டுக் கணக்கையும் அடிபட்ட தோட்டாக்களின் படத்தையும் சேர்த்து. "அடிக்கடி சிக்குகிறது" என்று எழுதினால் எண்ணெய் விட்டுத் திருப்பி அனுப்புவார்கள். "மூன்று வகைத் தோட்டாவிலும் தடம் ஆழமில்லை" என்று எழுதினால் ஃபயரிங் பின்னையோ ஸ்பிரிங்கையோ பார்த்தாக வேண்டும். அனுப்புவதற்கான சீட்டை அவர்களிடமே கேட்டு வாங்குங்கள், நீங்களாகக் கூரியர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பழுது பார்த்ததை அவர்கள் உங்கள் முகவரிக்கே நேரடியாகத் திருப்பி அனுப்பச் சட்டம் இடம் தருகிறது.

அரசு நுகர்வோர் அமைப்பிடம் புகார் செய்யலாமா என்று அடுத்துத் தோன்றும். அமெரிக்காவில் பொருள் பாதுகாப்பைக் கவனிக்கும் ஆணையம் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவானது. அந்தச் சட்டத்திலேயே துப்பாக்கிக்கு விலக்கு. பொம்மைத் துப்பாக்கியில் கோளாறு என்றால் ஆணையம் தலையிடலாம், நிஜத் துப்பாக்கி என்றால் முடியாது. தயாரிப்பாளர் தானாக முன்வந்து திரும்பப் பெற்றால்தான் உண்டு. ஆகவே வாங்கியதும் நிறுவனத்தின் தளத்தில் சீரியல் எண்ணைப் போட்டு, அது திரும்பப் பெறும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: கன் ஷோவில் ரேவன் எம்பி-25 ஒன்று நூறு டாலருக்கும் கீழே கிடைக்கிறது. .25 தோட்டா, கைக்கு அடக்கமாக இருக்கிறது. வாங்கிச் சோதித்துப் பார்க்கலாமா? (ஹியூஸ்டன்)

பதில்: வேண்டாம். 1968-ஆம் ஆண்டுச் சட்டம் மலிவான சின்னக் கைத்துப்பாக்கிகளின் இறக்குமதியை முடக்கியது. உள்நாட்டில் செய்வதற்குத் தடை இல்லை. அந்த இடைவெளியில் லாஸ் ஏஞ்சலஸைச் சுற்றிச் சில கம்பெனிகள் முளைத்தன, 1970-இல் வந்த ரேவன் அதில் முதன்மையானது. துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்துச் செய்தவை. .25 தோட்டா நல்ல தோட்டாதான்: 1905-இல் ஜான் பிரவுனிங் வடிவமைத்தது, நடுவில் பிரைமர் உள்ளது, எனவே .22-ஐப் போல் ஏமாற்றாது. ஆனால் இப்போது அதன் விலை 9 எம்எம்மை விட அதிகம், 300 சுட்டுச் சோதிக்கிற செலவு துப்பாக்கி விலையைத் தாண்டிவிடும். அதையும் பொறுத்துக்கொள்ளலாம். இந்த வகைத் துப்பாக்கிகள் பலவற்றில் கீழே விழுந்தால் வெடிக்காமல் தடுக்கும் உள்பூட்டு கிடையாது. அதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

இதே வட்டாரத்துப் பிரைகோ கம்பெனியின் பிஸ்டல் ஒன்றில், தோட்டாவை வெளியே எடுக்க வேண்டுமானால் சேஃப்டியைத் தளர்த்தியாக வேண்டும். 1994-இல் கலிபோர்னியாவில் ஒருவர் அப்படி எடுக்கப்போய், துப்பாக்கி வெடித்து ஏழு வயதுப் பையன் முடமானான். 2003-இல் நடுவர் குழு வடிவமைப்பும் குற்றம்தான் என்று தீர்ப்புச் சொன்னது, கம்பெனி திவால் மனு கொடுத்தது. இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து வைத்து, இன்று உற்பத்தியில் இருக்கிற, உதிரிபாகம் கிடைக்கிற ஒன்றை வாங்குங்கள். 2019-இல் வந்த டாரஸ் டிஎக்ஸ்22, 2020-இல் வந்த கெல்டெக் பி17 எல்லாம் மலிவு வரிசையில்தான் வருகின்றன.

கேள்வி: நான் ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன். வாங்கப் போவதில்லை. நண்பன் தன் புதுத் துப்பாக்கியைச் சோதிக்கக் கூப்பிடுகிறான். ரேஞ்சில் நானும் ஒரு மேகசின் சுடலாம்தானே? (இர்விங்)

பதில்: கூடாது. குடியேற்றமல்லாத விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். ரேஞ்சில் கையில் வாங்கிச் சுடுவதும் வைத்திருப்பதில் சேரும், வாடகைத் துப்பாக்கியும் அப்படித்தான். 2022 முதல் உச்சத் தண்டனை 15 ஆண்டு. குடியேற்ற வழக்கில் அது என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. சட்டத்தில் விலக்குகள் உண்டு. உங்களைப் போன்றவர்களுக்குப் பொருந்தக்கூடியது, அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம். அதை எடுத்துவிட்டு, குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். "அங்கே யாரும் கேட்கவில்லை" என்று நண்பர் சொல்வார். கேட்காததால் சட்டம் இல்லாமல் போய்விடாது. எஃப்-1 மாணவர்களுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: சிக்கலே வேண்டாம் என்றால் .22 ரிவால்வர் வாங்கிவிடலாமா? (ஆஸ்டின்)

பதில்: தாராளமாக. ரூகர் ராங்ளர் போன்றவை மலிவு, வேகம் குறைந்த தோட்டாவும் அதில் ஓடும், சொத்தைத் தோட்டா வந்தால் அடுத்த அறைக்குப் போய்விடலாம். ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னால் இழுக்க வேண்டும், ஒவ்வொன்றாகத்தான் நிரப்ப வேண்டும். பொறுமை இருந்தால் கற்றுக்கொள்ள அதைவிட நல்லது இல்லை.

கேள்வி: என் கணவர் ரேஞ்சிலிருந்து வந்ததும் அப்படியே குழந்தையைத் தூக்குகிறார். பயப்பட வேண்டுமா? (ஃபிரிஸ்கோ)

பதில்: கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். .22 தோட்டாவின் குண்டு ஈயம், பற்றவைக்கும் கலவையிலும் பெரும்பாலும் ஈயம்தான். உள்ளரங்க ரேஞ்சில் அந்தத் தூசி கையிலும் தலைமுடியிலும் செருப்பிலும் ஒட்டிக்கொண்டு வரும். கிளம்புமுன் அங்கேயே சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் கை முகம் கழுவட்டும். ஷூவை வாசலோடு கழற்றட்டும், உடுப்பைக் குழந்தையின் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள். குளித்துவிட்டு வரட்டும், அப்புறம் தூக்கட்டும். மாதத்துக்குப் பல தடவை போகிறவர் என்றால், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது குழந்தைக்கும் அவருக்கும் ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லுங்கள்.