வயதான அம்மா, ஒரு நாய், ஒரு பூனை. தீவிரப் புயல் வரும்போது இவர்களை எப்படிப் பாதுகாப்பது?

கேள்வியில் ஊர் பெயர் இல்லை. அம்மாவுக்கு நடக்க முடியாது என்கிறீர்கள், நாயை முகாமில் சேர்ப்பார்களா என்று கேட்கிறீர்கள். கடலூர், புதுச்சேரி பக்கம் கடலுக்குக் கிட்டத்தில் வாடகை வீட்டில் இருக்கிறீர்கள் என்று நானே வைத்துக்கொள்கிறேன்.

நாயையும் பூனையையும் எங்கே வைப்பது என்பதை வெளிச்சம் இருக்கும்போதே முடிவு செய்துவிடுங்கள். அம்மாவை எங்கே கூட்டிப்போவது என்பது அதற்கு அப்புறம்தான் முடிவாகும். "மனுஷன் உயிரைவிட நாய் பெரிசா?" என்று கேட்க யாராவது வருவார்கள், தெரியும். மனுஷன் உயிருக்காகத்தான் சொல்கிறேன். வீட்டைவிட்டு வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கும் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பலருக்கு மாடு கன்றுதான் காரணமாக இருக்கும். அமெரிக்காவில் 2005இல் கத்ரீனா புயல் வந்தபோதும், நாய் பூனையை விட்டுவிட்டு வரமாட்டோம் என்று வீட்டிலேயே தங்கியவர்கள் ஏராளம். மறு வருஷமே, ஆட்களை வெளியேற்றும் திட்டத்தில் வளர்ப்பு விலங்குகளுக்கும் இடம் வேண்டும் என்று அங்கே சட்டம் கொண்டுவந்தார்கள்.

எங்களுக்கு 2018 கஜா புயல். ஊர், பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் நடுவில். தீபாவளி முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை, தலைப்பிரசவத்துக்கு வந்த நான் கைக்குழந்தையோடு அம்மா வீட்டில் இருந்தேன். புயல் கடலூருக்கு வடக்கே போகும் என்றார்கள் முதலில். அப்புறம் பாம்பனுக்கும் கடலூருக்கும் நடுவே என்றார்கள். "நாம கடலோரமா இருக்கோம்?" என்று தெருவில் பாதிப் பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கடலோரத்திலும் தாழ்வான இடங்களிலும் இருந்த 80,000க்கும் மேற்பட்டவர்களை அரசு முன்கூட்டியே முகாம்களுக்குக் கொண்டுபோய்விட்டது, அதைக் குறை சொல்ல முடியாது. எங்களைப் போல உள்ளே தள்ளி இருந்தவர்களுக்குத்தான் இது நம்ம வீட்டுச் சங்கதி என்று உறைக்கவில்லை.

எங்கள் வீடு ஓட்டு வீடு. பக்கத்திலேயே பெரியப்பாவின் தளம் போட்ட வீடு. நவம்பர் 15 மத்தியானமே என்னையும் குழந்தையையும் அங்கே அனுப்பிவிட்டார் அப்பா. அப்பாயிதான், அப்பாவைப் பெற்றது, வர மறுத்தது. "லட்சுமி இங்க கட்டிக் கிடக்கா, நான் மட்டும் போயி மெத்தை வீட்டுல படுத்துக்கவா?" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டது. லட்சுமி, எங்கள் கறவை மாடு.

அப்பா அதோடு வாதாடவே இல்லை. நேரே கொட்டகைக்குப் போனார். ரெண்டு மாடு, ஒரு கன்று. மூன்றின் தும்பையும் அவிழ்த்து, கழுத்துக் கயிற்றையும் கழற்றி எடுத்துவிட்டார். கயிறு இழுபட்டுக்கொண்டே போனால் வேலியிலோ விழுந்த மரத்திலோ மாட்டிக்கொள்ளும், அதனால் கழுத்தில் ஒன்றும் இருக்கக்கூடாது. அப்படியே ஓட்டிக்கொண்டு போய், தென்னை இல்லாத மேட்டுத் திடலில் விட்டார். பெரியப்பாவுக்கு வந்ததே கோபம். "எவன் வயல்ல போயி மேயுமோ, களவு போனா யாரு பொறுப்பு, கொட்டகைல கெடந்தா நனையாமலாவது இருக்கும்ல" என்று கத்தினார். கொட்டகை ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அரைச்சுவர். அது தாங்காது என்று அப்பா ஒரு தடவைதான் சொன்னார். மாடு திடலுக்குப் போன பிறகுதான் அப்பாயி வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தது.

நாய் மணியை வீட்டுக்குள்ளே கட்டிலுக்கு அடியில், கழுத்துப்பட்டையோடு. கோழிகள் குளியலறையில். பூனைதான் பெரும்பாடு, கதவு திறந்தால் பாய்ந்துவிடும். அம்மா அதைப் பஞ்சாரத்தைப் போட்டுக் கவிழ்த்து மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்துவிட்டார். ராத்திரி முழுக்க அது கத்திய கத்தல் ஒரு பக்கம், என் பிள்ளை அழுத அழுகை ஒரு பக்கம்.

காற்றைப் பற்றி நான் வர்ணிக்கப் போவதில்லை, செய்தியில் எல்லாரும் பார்த்ததுதான். வேதாரண்யத்துக்கும் நாகைக்கும் இடையே கரையேறி, 120 கிலோமீட்டர் வேகம் வரை அடித்துக்கொண்டு மேற்கே வந்தது. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். வடக்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்த காற்று, விடிய நேரம் இருக்கும்போது சட்டென்று நின்றுவிட்டது. ஒரு இலை அசையவில்லை. பெரியப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு ஆட்டைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். தாழ்ப்பாளில் கை வைத்தவரை அப்பாயி அதட்டியது. "அம்பத்திரெண்டு புயல்லயும் இப்படித்தான்டா. வாடைக் காத்து நின்னா தெக்கத்திக் காத்து வரும். உக்காரு." 1952 நவம்பர் 30 புயலைச் சின்னப் பிள்ளையாக இருந்து பார்த்தது அது. புயலின் கண், அதாவது காற்றில்லாத நடுப்பகுதி, நம் தலைக்கு மேல் இருக்கிறது, சுழல்காற்றின் மறுபாதி இனிமேல்தான் வரப்போகிறது என்று வானிலைக்காரர்கள் சொல்வதைத்தான் அது தன் பாஷையில் சொன்னது. கொஞ்ச நேரத்தில் தெற்கிலிருந்து ஆரம்பித்தது. வடக்குக் காற்றுக்கு ஆடி வேர் இளகியிருந்த தென்னைகள் எல்லாம் அப்போதுதான் சாய்ந்தன. பெரியப்பா போயிருந்தால் அந்தத் தோப்புக்குள்தான் நின்றிருப்பார்.

காலையில் கொட்டகை இருந்த இடத்தில் அரைச்சுவர்கூட இல்லை. மாடுகள் மூன்றும் திடலை விட்டுச் சற்றுத் தள்ளி, வாய்க்கால் கரைச் சரிவில் படுத்துக் கிடந்தன. லட்சுமிக்கு விலாவில் ஒரு கீறல், அவ்வளவுதான். அடுத்த தெருவில் கட்டிப்போட்ட இடத்திலேயே சுவர் விழுந்து செத்த மாடுகளை நான் பார்த்தேன். கோடியக்கரை காட்டு மான்களே செத்துக் காரைக்கால் கடற்கரையில் ஒதுங்கின. அப்படியானால் அவிழ்த்துவிட்டால் எல்லாம் பிழைக்குமா என்று கேட்டால், அப்படி நான் சொல்லவில்லை. கட்டிக் கிடந்தால் ஒதுங்கக்கூட வழியில்லை என்றுதான் சொல்கிறேன். இதைப் படித்துவிட்டு நாயை அவிழ்த்துத் தெருவில் விட்டுவிடாதீர்கள். மாட்டுக்குத் திடல், நாய்க்கும் பூனைக்கும் வீட்டுக்குள்ளே.

இதைக் கேள்விக்குச் சம்பந்தமில்லாமல்தான் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். விழுந்த தென்னைக்கு 1,100 ரூபாய் அறிவித்தார்கள், அதில் 500 வெட்டி அப்புறப்படுத்தும் கூலி. நட்டுக் காய்க்கப் பார்த்த மரத்துக்கு மிச்சம் 600. சரி, அதாவது ஒழுங்காக வந்ததா? எங்கள் தோப்பு கூட்டுப் பட்டா, தாத்தா பெயரிலேயே கிடந்தது. தண்ணீர் விட்டு, உரம் வைத்து, ஆள் வைத்து வெட்டி அப்புறப்படுத்தியது வரை அப்பா. வாரிசுச் சான்று கொண்டா, எல்லார் கையெழுத்தும் கொண்டா என்று அலையவிட்டார்கள். வெளிநாட்டில் இருக்கும் பெரியப்பா மகன், ஒரு நாள் அந்தத் தோப்பில் கால் வைக்காதவர், "என் பங்கு எவ்வளவு?" என்று போனில் கேட்டார். யார் வீட்டில் அந்த ராத்திரி ஒண்டினோமோ அந்தப் பெரியப்பாவோடு எங்களுக்கு இன்றைக்கும் பேச்சு சரியில்லை. பட்டாவைப் பிரித்து வைக்காதவர்கள், புயல் சீசனுக்கு முன்னால் முதலில் அதைச் செய்யுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வீடு கடலுக்கோ ஆற்று முகத்துக்கோ பக்கத்தில் தாழ்வாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், கிளம்பிவிடுங்கள். காற்றைவிடக் கடல் தண்ணீர்தான் உள்ளே வந்து ஆளைக் கொல்லும். முகாமில் நாயைச் சேர்ப்பார்களா என்று இன்றைக்கே மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077க்கு அடித்துக் கேளுங்கள். அங்கே போய் வாசலில் நின்று கேட்டால் அந்த நெரிசலில் மாட்டேன் என்றுதான் சொல்வார்கள். உள்ளே தள்ளி இருக்கும் சொந்தக்காரர் வீடு ஒன்று இருந்தால் அதுதான் உத்தமம். நாயின் கழுத்துப்பட்டையில் உங்கள் போன் நம்பரை அழியாத மையில் எழுதுங்கள். தடுப்பூசி அட்டையும் உங்களோடு நாய் நிற்கிற மாதிரி ஒரு போட்டோவும் போனில் இருக்கட்டும்.

அம்மாவின் மாத்திரையைப் பல வாரத்துக்கு வாங்குங்கள். எங்களுக்குப் பல வாரம் கரண்ட் இல்லை. ஜெனரேட்டரை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாக வந்து மணிக்கணக்கில் காசு வாங்கி மேல்தொட்டியை நிரப்பிவிட்டுப் போனார்கள். அதனால் இப்போதே தொட்டியை நிரப்புங்கள், கனமாக இருந்தால் பறக்கவும் பறக்காது. கையில் ரொக்கம் வேண்டும், கரண்ட் போனால் ஏடிஎம்மும் போச்சு. ஜெனரேட்டர் இருந்தால் வீட்டுக்குள் வைத்து ஓட்டாதீர்கள், புகை உயிரை எடுத்துவிடும்.

புயல் போன பிறகு நாயைத் தேங்கிய தண்ணீரில் இறக்காதீர்கள், அதைக் குடிக்கவும் விடாதீர்கள். எலிக்காய்ச்சல் அதற்கும் வரும், அதிலிருந்து உங்களுக்கும் வரும். அறுந்த கம்பி எங்கே கிடக்கிறது என்று அதற்குத் தெரியாது, கயிறு உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

பூனைக்குக் கூடை கிடைக்கவில்லையா, தலையணை உறை போதும். உள்ளே விட்டு வாயைக் கட்டி, மூச்சு போகிறதா என்று பார்த்துக்கொண்டே தூக்கிப்போங்கள். கத்தும், பிறாண்டும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.