மெஸ் கழிவில் கேஸ் எடுத்தால் கட்டுப்படியாகுமா?

கேள்வி: மதுரை சிம்மக்கல் பக்கம் மெஸ் நடத்துகிறேன். எச்சில் இலையோடு சேர்த்துத் தினமும் 90 கிலோ கழிவு விழுகிறது. மொட்டை மாடியில் பயோகேஸ் கலன் வைத்தால் சிலிண்டர் செலவு மிச்சம் என்கிறார்கள். நம்பி இறங்கலாமா?

பதில்: இறங்கலாம். ஆனால் மாடியில் வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த 90 கிலோவைப் பிரித்து எடை போடுங்கள். வாழை இலை கலனுக்கு ஆகாது. நார் செரிக்காமல் மேலே மிதந்து, பால் ஆடை மாதிரிக் கெட்டியாகப் படிந்துவிடும். எலும்பு, முட்டை ஓடு, எலுமிச்சைத் தோல், வெங்காயச் சருகு இவையும் வெளியே. மிச்சம் சோறு, குழம்பு, காய்கறிக் கழிவு. இது 50 கிலோ தேறும் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு கிலோவுக்குச் சுமார் 100 லிட்டர் வாயு என்றால், நாளுக்கு 5 கன மீட்டர். அது ஏறக்குறைய இரண்டு கிலோ சமையல் கேஸுக்குச் சமம். அதாவது, நன்றாக ஓடினால் 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் ஒன்று ஒன்பது நாளுக்கு ஒருமுறை மிச்சம். பரோட்டாக் கல்லை நாள் முழுக்க இதை நம்பி வைக்க முடியாது.

கலன் விற்க வருபவர்கள் பெரும்பாலும் பேசாத விஷயம் ஒன்று உண்டு. 50 கிலோ கழிவை அதே அளவு தண்ணீரில் கரைத்து ஊற்றினால், தினமும் கிட்டத்தட்ட 100 லிட்டர் கரைசல் மறுபக்கம் வெளியே வரும். சாக்கடையில் விட்டால் செய்ததெல்லாம் வீண். நான் முதலில் கேட்பது, வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறாரா என்றுதான். சோழவந்தான், திருமங்கலம் பக்கம் தோப்போ மல்லிகைத் தோட்டமோ வைத்திருப்பவரிடம் பேசிவிட்டுக் கலனுக்கு முன்பணம் கொடுங்கள். குழம்பு உப்பு இதில் இருக்கும். தண்ணீர் கலந்துதான் பாய்ச்ச வேண்டும்.

சரி, மாடி விஷயம். கழிவு செரிக்க 40 நாள் உள்ளே இருக்க வேண்டும். 100 லிட்டர் வீதம் 4,000 லிட்டர், நான்கு டன் எடை. பின்கட்டில் தரையோடு வையுங்கள்.

ஒதுக்கிய இலைகளை நறுக்கி, தென்னை நார்க்கழிவோடு அடுக்கி, அந்தக் கரைசலில் கொஞ்சம் தெளித்து மட்க வையுங்கள். நடுவில் கை வைத்தால் சுட வேண்டும். பிழிந்தால் சொட்டக் கூடாது. வாரம் ஒருமுறை புரட்டினால் இரண்டு மாதத்தில் உரம்.

கலனை முதலில் சாணக் கரைசலால் நிரப்பி, மூன்று வாரம் பொறுங்கள். முதலில் வரும் வாயு தீப்பற்றாது, வெளியே விட்டுவிடலாம். நம்மூர் வெயில் இதற்கு வரம்தான். உள்ளே 30 முதல் 38 டிகிரி இருந்தால் நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாக வேலை செய்யும். அழுகிய முட்டை வாடை வருவது ஹைட்ரஜன் சல்பைடு. பர்னரை அரிக்கும், மூச்சுக்கும் ஆபத்து. லேத் பட்டறையில் கிடைக்கும் துருப்பிடித்த இரும்புச் சீவலைக் குழாயில் அடைத்து, வாயுவை அதன் வழியே விட்டால் பெருமளவு மட்டுப்படும். சுத்தம் செய்ய யாரையும் கலனுக்குள் இறக்காதீர்கள்.

இன்னொன்று, நாளுக்கு 100 கிலோவைத் தாண்டினால் திடக்கழிவு விதிகளின்படி நீங்கள் பெருமளவுக் கழிவு உருவாக்குபவர். நீங்கள் அந்த எல்லைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறீர்கள்.

சித்திரைத் திருவிழாவிலும் முகூர்த்த நாளிலும் மிஞ்சிய சோற்றையெல்லாம் கொட்டிவிடுவார்கள். கலன் புளித்துப்போய் அடுப்பு பற்றாது. அப்படி ஆனால் நாலைந்து நாள் தீனியை நிறுத்தி, புதுச் சாணம் கரைத்து ஊற்றுங்கள். கூடுதல் சோறு அன்று உரக்குழிக்கே போகட்டும்.