இட்லித் தட்டும் இருபது முகப் பகடையும்: 2023 கேம்கள் பற்றி வாசகர் கேள்விகள்

வருடக் கடைசி வந்தால் "எது பெஸ்ட்?" என்று கேட்டுத்தான் பாதிக் கடிதங்கள் வரும். இந்த முறை அதோடு போட்டி போட்டது "நேரமே இல்லை, என்ன செய்ய?" என்கிற புலம்பல். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகக் கட்டிவிட்டேன். விடுபட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பால்டர்ஸ் கேட் 3-தானே இந்த வருடத்தின் சிறந்த கேம்? உங்கள் ஓட்டும் அதற்குத்தானா? (மதுரை)

இருபது முகப் பகடையை உருட்டி முடிவுகளைத் தீர்மானிக்கும் மாயாஜாலக் கதை கேம் அது. வருடத்தின் சிறந்த கேம் விருதை அதற்குக் கொடுத்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பெல்ஜியத்தின் கென்ட் நகரத்து லேரியன் ஸ்டூடியோ 2020 அக்டோபரிலேயே முதல் பகுதியை மட்டும் விற்பனைக்கு வைத்தது. வாங்கியவர்கள் சொன்ன குறையெல்லாம் கேட்டுத் திருத்தி, 2023 ஆகஸ்ட் 3 அன்று முழு கேமை வெளியிட்டது. அந்தப் பொறுமை கேமில் எங்கே தெரிகிறது என்றால், நாம் செய்யும் கோணங்கித்தனத்துக்கெல்லாம் அது தயாராக இருக்கும் இடத்தில்.

ஒரு உதாரணம். இறந்தவர்களோடு பேசும் மந்திரம் ஒன்று உண்டு. பிணத்திடம் ஐந்து கேள்விகள் கேட்கலாம். ஒருவனைக் கொன்றுவிட்டு, அப்புறம்தான் அவனிடம் ஒரு விஷயம் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மந்திரத்தைப் போட்டேன். கொன்றவனிடம் பேச மாட்டேன் என்று பிணம் வாயை மூடிக்கொண்டது! நியாயம்தானே? பிறகு உருமாறும் மந்திரத்தால் வேறு முகத்தோடு போய் நின்றேன், மடமடவென்று பேசியது. செத்த பிறகும் ஏமாந்தான், பாவம். இப்படி ஒரு குறுக்கு வழியை யாரோ முன்பே யோசித்து வைத்திருக்கிறார்களே என்று சிரித்துக்கொண்டேன்.

ஆனாலும் என் ஓட்டு வேறு. செப்டம்பரில் பிரான்சிலிருந்து வந்த 'சாண்ட்ஸ் ஆஃப் சென்னார்'. ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாமல் போன, பைபிளின் பாபேல் கோபுரக் கதைதான் அடிப்படை. கோபுரத்தின் ஒவ்வொரு தளத்திலும் ஒரு மக்கள் கூட்டம், ஒவ்வொன்றுக்கும் ஒரு மொழி, ஒரு எழுத்து. நமக்கு எதுவும் தெரியாது. சுவரில் இருப்பது, மற்றவர்கள் பேசுவது, கைகாட்டுவது எல்லாவற்றையும் கவனித்து, "இந்தக் குறிக்கு இதுதான் பொருளாக இருக்கும்" என்று நோட்டில் எழுதி வைக்க வேண்டும். கொஞ்சம் சேர்ந்ததும் நோட்டில் படங்கள் வரும். எந்தப் படத்துக்கு எந்தக் குறி என்று பக்கம் முழுக்கச் சரியாகப் பொருத்தினால்தான் கேம் ஒப்புக்கொள்ளும்.

இரண்டு பேர் சந்திக்கும்போதெல்லாம் வந்த ஒரு குறியை 'நண்பன்' என்று அரை மணி நேரம் நம்பிக்கொண்டிருந்தேன். அது 'வணக்கம்'. முதல் கூட்டத்தார் பன்மைக்கு ஒரே குறியை இரண்டு தடவை எழுதுகிறார்கள். நாம் 'வீடு வீடாக' என்று அடுக்குவதைப் போல என்று எடுத்துக்கொண்டேன், சட்டென்று பிடிபட்டது. அடுத்த தளத்துக்குப் போனால் பன்மைக்குத் தனியாக ஒரு குறி. மேலே போகப் போகச் சொல் வரிசையே மாறுகிறது. இலக்கண வகுப்பில் தூங்கிய நான், இதற்காக ராத்திரி ஒரு மணி வரை விழித்திருந்தேன்.

'வெண்பா' தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய கேம் என்கிறார்கள். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறதாமே! அதற்கு முழுக் காசா? (கோவை)

இதே கேள்வியைப் பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒருவர் ஒரு படி மேலே போய், ஸ்டீம் என்கிற இணையக் கடையில் வாங்கிப் பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்குமே, முடித்துவிட்டுக் கேட்கலாமா என்கிறார். விதிப்படி கிடைக்கலாம். ஹோட்டலில் இலையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு பில்லைத் திருப்பிக் கொடுப்பது போன்ற வேலை அது. செய்யாதீர்கள்.

வெண்பாவுக்கு வருவோம். டொரோண்டோவின் விசை கேம்ஸ் செய்தது. ஜூலை 31 அன்று வந்தது. 1980-களின் கடைசியில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போன வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின். பாவலன் கைப்பிடித்தவள் வெண்பா என்பதைக் கவனித்தீர்களா? இந்தப் பெயர்ப் பொருத்தம் தமிழ் தெரிந்தவர்களுக்கு மட்டும் கிடைக்கும் போனஸ்.

அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்புப் புத்தகம் அவளிடம் இருக்கிறது. ஆனால் அங்கங்கே கறை, அழிவு. விட்டுப்போன இடத்தை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும், அதுதான் புதிர். கடிகாரம் ஓடாது, மதிப்பெண் கிடையாது, தப்பினால் மறுபடி செய்யலாம். முதலில் இட்லி. நான் தட்டுகளை அப்படியே ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினேன். பின்னால் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, "குழிக்கு மேல குழி வெச்சா மேல இருக்கிற தட்டு இட்லியில ஒட்டிக்கும்டா" என்றார். தட்டைத் திருப்பி மாற்றி வைத்தேன். நாற்பது வருடமாக அந்தக் கை வீட்டில் தினமும் செய்வதை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்று அப்போதுதான் உறைத்தது. அடுத்து வந்த புட்டை அம்மாவே வாங்கிச் செய்துவிட்டார். கன்ட்ரோலரைத் தலைகீழாகப் பிடித்திருந்தார் என்பது வேறு விஷயம்.

மகன் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் வீட்டுச் சாப்பாட்டை ஒதுக்குகிறான், தமிழையும் ஒதுக்குகிறான். அந்தக் காட்சிகளில் யாரும் கத்துவதில்லை, ஆனால் வலிக்கிறது. பின்னணியில் வானொலிப் பாட்டு அந்தந்தக் காலத்துத் தமிழ் சினிமா இசையின் சாயலில் மாறிக்கொண்டே வருவதைக் காது கொடுத்துக் கேளுங்கள். பிறகு ஒரு கட்டத்தில் அந்தச் சமையல் புத்தகம் மகன் கைக்கு வருகிறது. இப்போது கறை மட்டும் பிரச்சினை இல்லை, எழுத்தே பிரச்சினை. சென்னாரில் நான் யாரோ ஒருவருடைய எழுத்தின் முன்னால் விழித்தேன் அல்லவா? இங்கே ஒருவன் தன் அம்மா மொழியின் எழுத்தின் முன்னால் விழிக்கிறான். இந்த இரண்டையும் ஒரே வருடத்தில் விளையாடக் கிடைத்ததுதான் எனக்கு 2023.

குறையும் உண்டு. இன்னும் இரண்டு மூன்று சமையலாவது இருந்திருக்கலாம். கதை சில வருடங்களைத் தாவித் தாவிப் போகிறது. 2023-இல் கேம் பாஸ் என்கிற மாதச் சந்தாவிலும் இருந்தது. முழு விலை கொடுக்க மனமில்லை என்றால் டிஸ்கவுண்டில் வாங்குங்கள்.

குழந்தை தூங்கிய பிறகு அரை மணி நேரம்தான் கிடைக்கிறது. அதுவும் எப்போது அழும் என்று தெரியாது. என்ன விளையாடலாம்? (ஓசூர்)

'கக்கூன்'. ஐந்து மணி நேரக் கேம். அசைவுக்குப் போக ஒரே ஒரு பட்டன்தான். 'லிம்போ', 'இன்சைட்' இரண்டிலும் புதிர்களை வடிவமைத்த ஜெப்பெ கார்ல்சனின் புதுக் குழு செய்தது. ஒரு முழு உலகத்தையே கோலிக்குண்டு மாதிரி முதுகில் தூக்கிக்கொண்டு இன்னொரு உலகத்துக்குள் நுழைவீர்கள். அது தானாகவே சேவ் செய்துகொள்ளும், எனவே அழுகைச் சத்தம் கேட்டதும் தயங்காமல் எழுந்து போகலாம்.

அது முடிந்ததும் 'டிரெட்ஜ்'. நியூசிலாந்துக்காரர்கள் செய்த மீன்பிடி கேம். சின்னப் படகு, தீவுகள், பகலில் மீன், இருட்டினால் கடலில் இருக்கக் கூடாதவை. பிடித்த மீனைக் கட்டம் கட்டமான சரக்கறையில் திருப்பித் திருப்பி அடுக்க வேண்டும். ஊருக்குப் போகும்போது சூட்கேஸ் அடுக்குவதில் கைதேர்ந்தவரா நீங்கள்? அப்படியானால் உங்களுக்கு இது பிடித்துப்போகும். படகு நகர்ந்தால், மீன் பிடித்தால்தான் கேமில் நேரம் ஓடும் என்பது உங்களுக்கு ரொம்ப வசதி. 'டேவ் தி டைவர்' கூட நல்ல தேர்வுதான், பகலில் முக்குளித்து மீன் பிடிப்பது, ராத்திரி அதை வைத்து சுஷி கடை நடத்துவது. ஆனால் "இன்னும் ஒரே ஒரு தடவை இறங்கிவிட்டு வருகிறேன்" என்று இழுத்துவிடும், ஜாக்கிரதை.

கிராபிக்ஸ் கார்டு இல்லாத பழைய லேப்டாப், 8 ஜிபி ரேம். எனக்கு 2023-இல் ஏதாவது உண்டா? (திருச்சி)

வெண்பா, சாண்ட்ஸ் ஆஃப் சென்னார் இரண்டையும் முயலலாம். இன்னும் எளிது 'பீட்சா டவர்', கையால் கிறுக்கிய கார்ட்டூன் மாதிரி இருக்கும், வேகம் மட்டும் பேய் வேகம். பால்டர்ஸ் கேட் 3 பக்கம் போகாதீர்கள். அதற்கு 150 ஜிபி இடமே வேண்டும். நான் அதை இறக்கியபோது மாதத்தின் இருபத்தெட்டாம் தேதி. பிராட்பேண்ட் அளவு தீர்ந்து வேகம் படுத்துவிட்டது. மிச்சம் இறங்க அடுத்த மாதம் பிறக்க வேண்டியிருந்தது.

சைபர்பங்க் 2077-ஐ 2020-இல் பிஎஸ்4-இல் (சோனியின் பிளேஸ்டேஷன் 4) வாங்கி நொந்துபோனேன். இப்போது நன்றாக இருக்கிறதாமே? (சேலம்)

நன்றாக இருக்கிறது, ஆனால் உங்களிடம் இல்லை. செப்டம்பரில் வந்த 2.0 மாற்றமும் 'ஃபேண்டம் லிபர்ட்டி' என்ற புதுக் கதைப் பகுதியும் கணினி, பிஎஸ்5, புது எக்ஸ்பாக்ஸ் ஆகியவற்றுக்குத்தான் அப்போது வந்தன, பிஎஸ்4-க்கு இல்லை. சோனி தன் கடையிலிருந்தே அந்த கேமைத் தூக்கி வைத்து, அரை வருடம் கழித்து 2021 ஜூனில் திரும்பச் சேர்த்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிஎஸ்5 வாங்கிய பிறகு தொடுங்கள். நான் சொல்வது ஒன்றுதான்: முன்பதிவு செய்யாதீர்கள். மார்ச்சில் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' முதல் பாகம் கணினிக்கு வந்த நாளில் பட்ட பாட்டைப் பார்த்தோமே. இரண்டு மாதம் பொறுத்தால் கோளாறும் குறையும், விலையும் குறையும்.

வயது 51. சின்ன வயதில் கேசட்டை ஊதி ஊதிப் போட்டு மரியோ ஆடியவன். இப்போது விரல் அவ்வளவு வேகமாக ஓடாது. (தஞ்சாவூர்)

ஊதினால் வேலை செய்யும் என்று நம்பிய தலைமுறை நாம்! உங்களுக்காகவே வந்தது 'சூப்பர் மரியோ பிரதர்ஸ் வொண்டர்'. பழைய மரியோ மாதிரியே பக்கவாட்டில் ஓடுவதுதான். ஆனால் பெரும்பாலான லெவல்களில் ஒரு அதிசயப் பூ ஒளிந்திருக்கும். அதைத் தொட்டால் குழாய்கள் புழுவாக நெளியும், எதிரிகள் பாட்டுப் பாடுவார்கள், எதுவும் நடக்கும். மரியோ யானையாகவும் மாறுகிறார். பழைய மாதிரி மேலே ஓடிக்கொண்டிருக்கும் நேரக் கணக்கு இதில் கிடையாது. யோஷியைத் தேர்ந்தெடுத்தால் எதிரி இடித்தாலும் அடிபடாது; பள்ளத்தில் மட்டும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே சிக்கல், நிண்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. இந்த கேம் ஓடும் அவர்களின் ஸ்விட்ச் கருவியை இறக்குமதி செய்து விற்பவர்களிடம்தான் வாங்க வேண்டும், பழுதானால் அவர்களிடமே போய் நிற்க வேண்டும்.

என் பையனுக்கு 11 வயது. போனில் பிஜிஎம்ஐ என்கிற துப்பாக்கிச் சண்டை கேமே கதி. 28 சதவீத வரி, தடை என்று செய்தியில் வருகிறதே, இதுவும் அதில் சேருமா? (ஒரு தாய், திருநெல்வேலி)

சேராதும்மா. 2023 அக்டோபரில் வந்த 28 சதவீத ஜிஎஸ்டி பணம் கட்டி, பணம் ஜெயிக்க ஆடும் ஆட்டங்களுக்கு விதித்தது. பிஜிஎம்ஐ-யின் கதை வேறு, 2022-இல் நிறுத்தப்பட்டு 2023 மே மாதம் திரும்பி வந்தது. வரும்போது 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு நாளைக்கு மூன்று மணி நேரம் என்று வரம்பும் வந்தது. உங்கள் பையன் வயதைக் கூட்டிப் போட்டிருக்கிறானா என்று முதலில் பாருங்கள், பெரும்பாலும் போட்டிருப்பான். போனைப் பிடுங்குவதை விட, வாரத்தில் இரண்டு நாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து "இது என்னடா, அது யாருடா" என்று கேளுங்கள். வீட்டில் கணினி இருந்தால் வெண்பாவைப் போட்டுக் கொடுங்கள். அவனுக்குத் தெரியாததைச் சொல்லித்தர உங்களுக்கு ஒரு வாய்ப்பு.

ஏமாற்றிய கேம் எது? (சென்னை)

'ஸ்டார்ஃபீல்ட்'. ஆயிரம் கிரகங்கள் என்றார்கள். கப்பலில் ஏற ஒரு லோடிங், கிளம்ப ஒரு லோடிங், இறங்க ஒரு லோடிங். இறங்கினால் பொட்டல்.

ஜிடிஏ 6 டிரெய்லர் பார்த்தீர்களா? அதில் 2025 என்று போட்டார்களே, அதுவரை எப்படிக் காத்திருப்பது? (புதுச்சேரி)

பார்த்தேன், மூன்று தடவை. காத்திருப்பதில் எனக்குக் கஷ்டமில்லை. பால்டர்ஸ் கேட் என்பது ஒரு நகரத்தின் பெயர், மூன்றாம் பகுதியில்தான் அதற்குள் போக முடியும். ஆகஸ்டில் தொடங்கிய நான் இன்னும் இரண்டாம் பகுதியில்தான் இருக்கிறேன். பிணங்களோடு பேசிக்கொண்டு.