லைனிலிருந்து அடிக்கடி எழுந்து போகும் அக்கா

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்தில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். வயது 33. என் லைனில் ஓவர்லாக் தைக்கும் அக்காவுக்கு 47 வயது. ஆறு மாதமாகத் திடீர் திடீரென்று முகம் சிவந்து வியர்த்துக் கொட்டுகிறது. அடிக்கடி எழுந்து போகிறார், பீஸ் குறைகிறது. கேட்டால் "ஒன்றுமில்லை தம்பி" என்கிறார். உடன் தைக்கும் பெண்கள், "அந்த வயது வந்துவிட்டது" என்கிறார்கள். அவரை அயர்னிங் பக்கம் மாற்றச் சொல்கிறது நிர்வாகம். ஆணாகிய நான் இதில் என்ன செய்ய முடியும்?

பதில்: தம்பி, நீங்கள் இதைக் கேட்டதே எனக்கு நிறைவாக இருக்கிறது. முதல் வேலையாக அயர்னிங் மாற்றத்தைத் தடுத்து நிறுத்துங்கள். நீராவிக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நிற்பது, இப்போது அவருக்கு ஆகவே ஆகாத வேலை.

நம் நாட்டுப் பெண்களுக்குப் பெரும்பாலும் 46, 47 வயதை ஒட்டி மாதவிலக்கு நிற்கிறது. தொடர்ந்து 12 மாதம் வராவிட்டால்தான் நின்றுவிட்டது என்று சொல்வோம். தொல்லை அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறி இறங்கிக் குறையும்போது, உடல் சூட்டைக் கவனிக்கும் மூளைப் பகுதி சிறு வெப்பத்தையும் பெருஞ்சூடாக எடுத்துக்கொள்கிறது. உடனே தோலின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன. முகம் சிவக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, வியர்க்கிறது, பிறகு குளிர்கிறது. எல்லாம் சில நிமிடங்களில் அடங்கிவிடும். ஆனால் இதே தொல்லை இரவில் மூன்று நான்கு முறை எழுப்பிவிட்டால், காலை எட்டரை மணி ஷிப்டுக்கு வருபவருக்கு ஊசியில் எப்படிக் கண் நிற்கும்? பீஸ் குறைவதற்குத் தூக்கமின்மையே காரணமாக இருக்கலாம்.

என்னிடம் வந்த ஒரு தையல்காரப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். மாதத்தில் மூன்றாவது முறையாகச் சிறுநீர்த் தொற்றோடு வந்திருந்தார். அவருடைய தண்ணீர் பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். மாலை ஐந்து மணிக்கும் அது காலையில் நிரப்பியபடி கழுத்து வரை நிறைந்திருந்தது. கழிவறைக்குப் போக டோக்கன் வாங்க வேண்டும், லைனுக்கு ஒரே டோக்கன், எத்தனை முறை போகிறார்கள் என்று கணக்கும் உண்டு. அதற்கு அஞ்சியே அவர் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருந்தார். ஈஸ்ட்ரோஜன் குறையும்போது சிறுநீர்ப் பாதையும் வறண்டு, தொற்று எளிதில் பிடிக்கும். நான் எழுதிக் கொடுத்த மாத்திரையைவிட அந்த டோக்கன் முறையை ஒழித்திருந்தால் அதிகப் பலன் கிடைத்திருக்கும். இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது.

உங்கள் கையில் இருப்பதும் இதுதான். அவரைக் கேள்வி கேட்காமல் எழுந்து போக விடுங்கள். அவருடைய மெஷினை ஜன்னல் பக்கமோ மின்விசிறிக்கு நேராகவோ போட்டுத் தாருங்கள். மேலே போடும் கோட்டு பாலியெஸ்டராக இருந்தால் பருத்தியில் கேளுங்கள். இரவு ஓவர்டைமுக்குக் கட்டாயப்படுத்த வேண்டாம். குடிக்கக் குளிர்ந்த நீர் பக்கத்திலேயே இருக்கட்டும். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் வெயில் காலத்தில் குளிர்ந்த நீர் தர வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. நீங்கள் புதிதாகச் சலுகை ஒன்றும் கேட்கவில்லை.

பேசும்போது வயதையோ மாதவிலக்கையோ எடுக்காதீர்கள். லைனில் வைத்தும் பேசாதீர்கள். டீ இடைவேளையில், "அக்கா, அந்த இடம் புழுக்கமாக இருக்கிறதா, ஜன்னல் பக்கம் மாற்றித் தரட்டுமா?" என்று கேட்டால் போதும். மற்றதை அவரே சொல்வார், சொல்லாமலும் இருப்பார். அது அவர் விருப்பம். செக்கிங் போன்ற வேலைக்கு மாற்றுவதாக இருந்தால், கூலி குறையாது என்று உறுதியான பிறகே அவரிடம் கேளுங்கள்.

இனி, "அந்த வயது" என்று சொல்லும் பெண்களுக்கு. எனக்கு மிகவும் கவலை தரும் சொல் இதுதான். வியர்வையும் படபடப்பும் தைராய்டாலும் வரும். அடிக்கடி எழுந்து போவது, அதிக உதிரப்போக்கால் துணி மாற்றுவதற்காகவும் இருக்கலாம். மணிக்கொரு முறை நாப்கின் நனைந்தாலோ, கட்டி கட்டியாகப் போனாலோ, ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். ஓராண்டு நின்றுபோன பிறகு ஒரு சொட்டு பட்டாலும் கருப்பைப் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அதே நேரம், முதல் நாளே "கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் இன்னொரு மருத்துவரையும் கேளுங்கள். மருந்தில் அடங்குவதே பெரும்பாலும் நடக்கிறது. சூடும் தூக்கமின்மையும் பொறுக்க முடியாமல் போனால் ஹார்மோன் சிகிச்சை நல்ல பலன் தரும். மார்பகப் புற்றுநோயோ ரத்தக்கட்டியோ வந்தவர்களுக்கு அது ஒத்துவராது, அவர்களுக்கு வேறு மாத்திரைகள் உண்டு.

அவருக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டு அட்டை இருக்கும். மருத்துவர் சான்று கொடுத்தால், தகுதியுள்ளவருக்கு ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு கிடைக்கும். ஹீமோகுளோபினும் தைராய்டும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. மெஷினை விட்டு எழும்போது தலை சுற்றுகிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால் விடுமுறை நாளுக்குக் காத்திருக்காமல் அன்றே அனுப்புங்கள். துணைக்கு லைனிலிருந்து ஒரு பெண் போகட்டும். இருவருக்கும் அன்றைய ஷிப்டை வெட்டிவிடாமல் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.