இளைப்புக்கு ஊதிப் பார்க்கும் மெஷின் எதற்கு?

கேள்வி: அம்மாவுக்கு 46 வயது. முக்கூடலில் பீடி சுற்றுகிறார். பத்து வருஷமாக இளைப்பு (ஆஸ்துமா), சாரல் தொடங்கினால் கூடும். இன்ஹேலர் எடுக்கிறார், "நல்லாத்தான் இருக்கேன்" என்கிறார். எக்ஸ்ரேயும் நார்மல். அப்புறம் எதற்கு ஊதுகிற டெஸ்ட், வீட்டுக்கு ஒரு மீட்டர் வேறு?

பதில்: தம்பி, அந்த "நல்லாத்தான் இருக்கேன்" இருக்கிறதே, அதைத்தான் நான் நம்பமாட்டேன். வருஷக்கணக்கில் இளைப்போடு இருப்பவர்கள் மாடி ஏறுவதை விட்டு, குடம் தூக்குவதை விட்டு, கொஞ்சங்கொஞ்சமாக வேலையைக் குறைத்துக்கொண்டே வந்து அதற்கே பழகிவிடுவார்கள். எக்ஸ்ரேயில் மூச்சுக்குழாய் சுருங்கியிருப்பது தெரியாது, ஆஸ்துமாவில் அது பெரும்பாலும் நார்மலாகத்தான் வரும்.

ஸ்பைரோமெட்ரியில், அதாவது அந்த ஊதுகிற டெஸ்டில், முதல் ஒரு விநாடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்று பார்ப்போம். பிறகு மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தைக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொல்வோம். அந்த அளவு 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால் குழாய் மருந்துக்கு நன்றாக விரிகிறது என்று அர்த்தம்.

வீட்டு மீட்டர் (பீக் ஃப்ளோ மீட்டர், எவ்வளவு வேகமாக ஊதுகிறோம் என்று காட்டும்) சின்னப் பொருள்தான், ஆனால் எனக்கு அதுதான் பிடிக்கும். நின்றுகொண்டு மூச்சை முழுக்க இழுத்து, உதட்டை இறுக்கி ஒரே மூச்சில் பலமாக ஊத வேண்டும். மூன்று தடவை ஊதி, அதிகமாக வந்ததை மட்டும் நோட்டில் எழுதுங்கள், காலையும் இரவும், இன்ஹேலர் எடுப்பதற்கு முன்னால். பக்கத்து வீட்டுக்காரர் அளவோடு ஒப்பிடாதீர்கள். இளைப்பு அடங்கியிருக்கும் இரண்டு வாரத்தில் வந்த உச்சம்தான் அம்மாவின் கணக்கு. அது 350 என்று வையுங்கள்: 280க்கு மேல் சரி. 280க்கும் 175க்கும் நடுவில் வந்தால், டாக்டர் எழுதிக் கொடுத்தபடி மருந்தைக் கூட்டணும். 175க்குக் கீழே போனால் இளைப்பை உடனே தணிக்கும் நீல இன்ஹேலரை எடுக்கவைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், ஹைகிரவுண்ட் (திருநெல்வேலி பெரிய அரசு ஆஸ்பத்திரி) தூரம் என்றால் பக்கத்தில் இருப்பதற்கு. அளவு நன்றாக இருந்தும் மூச்சு முட்டினால் மீட்டரைத் தூக்கி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

அளவு மூன்று மாதம் நிலையாக நின்றால் மருந்தைக் குறைக்கவும் யோசிப்போம். நீங்களாகக் குறைக்காதீர்கள்.

இன்னொன்று, பீடி சுற்றிய நாள், சுற்றாத நாள் என்று அந்த நோட்டில் குறித்து வையுங்கள். புகையிலைத் தூள்தான் காரணமா என்று அதை வைத்துத்தான் பேச முடியும்.